சங்கம் என்னும் சொல்: ஆரணி நெசவை முன்வைத்து

சங்கம் என்பது பொது நோக்கத்துக்காக ஒன்றுகூடி, உறுப்பினர்களும் விதிகளும் கொண்டு இயங்கும் அமைப்பைக் குறிக்கத் தமிழில் பரவலாக வழங்கும் சொல். பாண்டியர் காலப் புலவர் அவை, பௌத்த சமணத் துறவியர் குழு, தொழிலாளர் அமைப்பு, கூட்டுறவு நிறுவனம், சாதி அமைப்பு, நண்பர்கள் கூடும் மனமகிழ் மன்றம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத பலவற்றுக்கும் இச்சொல்லே பெயராக உள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த பட்டு நெசவு நகரமான ஆரணியில், ஒரே நெசவாளர் ஒரே காலத்தில் மூன்று சங்கங்களில் இடம்பெறக் கூடும். ஒன்று அவருக்கு நூல் தந்து கூலி கொடுக்கும். இரண்டாவது கூலியை உயர்த்தக் கேட்கும். மூன்றாவது அவர் பிறந்த சாதியால் அமையும். மூன்றுக்கும் ஒரே பெயர் இருப்பது மொழியின் சிக்கனம் மட்டுமா, அல்லது அதனால் நெசவாளர் எதையேனும் இழக்கிறாரா என்பதே இச்சொல்லைப் பற்றி எழ வேண்டிய கேள்வி.

சொற்பிறப்பு

தமிழில் சங்கம் என்று எழுதப்படும் வடிவத்துக்குள் மூன்று வேறு வடசொற்கள் உள்ளன. முதலாவது, கூட்டம் என்னும் பொருளுடையது. பாலி, பிராகிருத மொழிகளில் துறவியர் அமைப்பைக் குறித்து அவ்வழியே தமிழுக்கு வந்தது இதுவே. இரண்டாவது, சேர்க்கை, பற்று என்னும் பொருளுடையது. சத்சங்கம் என்ற சொல்லிலும், பற்றற்ற நிலையைக் குறிக்கும் நிஸ்ஸங்கம் என்ற சொல்லிலும் இருப்பது இது. மூன்றாவது, சங்கு. வடமொழியில் இவை மூன்றும் வெவ்வேறு ககர ஒலிகளால் பிரிந்து நிற்கின்றன. தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு இல்லாததால் மூன்றும் ஒரே வடிவம் பெற்றன.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி போன்ற பேரகராதிகள் கூட்டம், சேர்க்கை, அன்பு, ஆறுகள் கூடுமிடம், புலவர் அவை, துறவியர் குழு ஆகிய பொருள்களை இவ்வடிவத்தின் கீழ் தருகின்றன. இந்த வரிசை தற்செயலானது என்றாலும் பிற்கால வழக்குக்கு உதவியது. கூடுதலும் பற்றும் ஒரே சொல்லில் நின்றதால், சங்கம் என்றாலே உறுப்பினர்கள் தம்முள் அன்பும் ஒற்றுமையும் கொண்டவர்கள் என்ற எண்ணம் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. சட்டப்படி உருவாகும் ஓர் அலுவலகம்கூட சங்கம் என்று பெயர் பெற்றதும் இந்த நல்லெண்ணத்தைக் கடனாகப் பெறுகிறது.

இலக்கியத்திலும் வரலாற்றிலும்

சங்க இலக்கியம் என்று இன்று அழைக்கப்படும் எட்டுத்தொகை, பத்துப்பாட்டு நூல்களில் புலவர் அமைப்பைக் குறிக்க இச்சொல் வழங்கவில்லை. கூடல், அவை, அவையம், மன்றம் போன்ற சொற்களே அக்காலத்தவை. அமைப்பு என்ற பொருளில் சங்கம் தெளிவாக இடம்பெறுவது மணிமேகலையில். அங்கு அது புத்தம், தன்மம் ஆகியவற்றோடு சேர்ந்த மும்மணிகளில் ஒன்று. தேவாரத்திலும் திருப்பாவையிலும் இச்சொல் தமிழோடும் புலமையோடும் இணைந்து வருகிறது. மூன்று சங்கங்களின் முழு வரலாற்றை இறையனார் களவியல் உரை சொல்கிறது. அதன்படி முதற் சங்கம் 4440 ஆண்டுகளும், இடைச் சங்கம் 3700 ஆண்டுகளும், கடைச் சங்கம் 1850 ஆண்டுகளும் நடந்தன. மூன்றையும் கூட்டினால் 9990 ஆண்டுகள்.

தேவசேனர் இயற்றிய தரிசனசாரம் என்னும் சமண நூல், வஜ்ரநந்தி மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவியதாகக் கூறுகிறது. இதன் காலம் பொ.யு. 470 எனக் கணக்கிடப்படுகிறது. எஸ். வையாபுரிப்பிள்ளை புலவர் சங்கம் பற்றிய மரபை இச்செய்தியோடு தொடர்புபடுத்தினார். அக்கருத்து பெரும் விவாதத்தை எழுப்பியது. அவர் முடிவை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் ஒன்று தெளிவு. துறவியர் அமைப்பின் பெயர், காலப்போக்கில் தனக்கு முந்தைய புலவர் கூட்டத்துக்கும் பின்னோக்கிச் சூட்டப்பட்டது. சங்கம் என்ற சொல்லின் வரலாற்றில் இதுவே முதல் இடமாற்றம். ஓர் அமைப்புக்குரிய பெருமை வேறோர் அமைப்புக்குப் பெயர் வழியாகச் சென்று சேர்வது அதன்பின் பலமுறை நிகழ்ந்தது.

நெசவாளர் அமைப்புகளின் பழைய பெயர்கள்

நெசவாளர்கள் அமைப்பாக இயங்கியது இந்தியாவில் மிகப் பழைய செய்தி. மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர் கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று 436ஆம் ஆண்டளவில் சூரியனுக்குக் கோயில் கட்டியதையும், 473ஆம் ஆண்டளவில் அதைப் புதுப்பித்ததையும் சொல்கிறது. அக்குழுவினரில் சிலர் வில்வித்தை, சோதிடம், கதை சொல்லுதல் ஆகிய வேறு தொழில்களுக்குச் சென்றிருந்தனர் என்றும் அக்கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஆரணி உட்படப் பல தமிழக நெசவு ஊர்களில் வாழும் சௌராஷ்டிரர்களின் வரலாற்றை எழுதுவோர் இக்குழுவைத் தம் முன்னோராகச் சுட்டுவதுண்டு. கல்வெட்டு அவ்வமைப்பைச் சங்கம் என்று அழைக்கவில்லை. அதன் சொல் சிரேணி. சிரேணி என்பது தொழில்வழி அமைந்த குழு. அதில் தொழிலும் பிறப்பும் முதலீடும் சமயக் கொடையும் ஒன்றாக இருந்தன.

தமிழகத்தில் இதற்கு இணையான சொற்கள் நகரம், நாடு ஆகியவை. உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள், காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றின் பொருளைப் பேணும் பொறுப்பு பட்டசாலியர் என்னும் நெசவாளரிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காட்டுகின்றன. செங்குந்தர் எனப்படும் கைக்கோளர் 72 நாடுகளாகப் பிரிந்து காஞ்சிபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய மரபை மானிடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். நாடு என்ற சொல்லில் நிலப்பரப்பும் வழக்குத் தீர்க்கும் அதிகாரமும் அடங்கியிருந்தன. அதில் எவரும் விரும்பிச் சேர்வதில்லை. பிறந்தவர் அதில் இருந்தார்.

இப்பழைய சொற்களை இன்று எழுதுவோர் பலர் 'நெசவாளர் சங்கம்', 'வணிகர் சங்கம்' என்று மொழிபெயர்த்துவிடுகின்றனர். ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் ஆகிய எல்லாமே அவ்வாறு வணிகச் சங்கங்கள் ஆகிவிடுகின்றன. விரும்பிச் சேர்ந்து, விரும்பினால் விலகும் நவீன அமைப்பின் பெயரைப் பிறப்பாலும் ஊராலும் கட்டப்பட்ட அமைப்புக்கு இடும்போது, அக்கட்டுப்பாடு வாசகர் கண்ணிலிருந்து மறைகிறது.

நவீன காலம்: சபை, சங்கம், கழகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புதிய வகை அமைப்புகளுக்குச் சபை, சமாஜம், சங்கம் ஆகிய பெயர்கள் போட்டியிட்டன. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது அது நான்காம் தமிழ்ச் சங்கம் எனப்பட்டது. 1911இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் ஆகியோரின் பதிப்புகளால் பழைய நூல்கள் அச்சேறி, சங்கம் என்ற சொல் தமிழின் தொன்மைக்கே பெயராக மாறிக்கொண்டிருந்த காலம் அது.

அதே ஆண்டுகளில் இச்சொல் தொழிலாளரிடமும் சென்றது. 1918 ஏப்ரலில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா, திரு.வி. கல்யாணசுந்தரனார், செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் அதில் முன்னின்றனர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் அது துணி ஆலைத் தொழிலாளரின் அமைப்பு. ஆலை நிர்வாகம் அதன் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிலாளர் கூடுவதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததில் இவ்வழக்குக்குப் பங்குண்டு. சங்கம் என்ற சொல் எதிர்த்து நிற்பது என்ற பொருளைப் பெற்றது இங்கேதான்.

மூன்றாவது வழி கூட்டுறவு. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்குப் பின் தோன்றியவை தமிழில் ஐக்கிய நாணய சங்கம் எனப்பட்டன. 1912ஆம் ஆண்டுச் சட்டம் கடன் அல்லாத கூட்டுறவுகளுக்கும் இடம் தந்தது. 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாகிப் பின்னர் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்றது. இலங்கையில் கூட்டுறவுக் கடையைச் சங்கக்கடை என்றே மக்கள் அழைக்கின்றனர். அங்கு இச்சொல் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கும் இடமாகவே ஆகிவிட்டது.

தனித்தமிழ் உணர்வு வளர்ந்தபோது சங்கம் என்பதற்கு மாற்றாகக் கழகம் வந்தது. 1916இல் தோன்றிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் 1944இல் சேலம் மாநாட்டில் திராவிடர் கழகமானது. திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறித்த சொல் கழகம். அது கற்றோர் அவையாகவும், பின்னர் பல்கலைக்கழகமாகவும், கட்சியாகவும், போக்குவரத்துக் கழகமாகவும் உயர்ந்தது. தொழிலாளர், நெசவாளர், பால் உற்பத்தியாளர் அமைப்புகளை மட்டும் அது பெரிதும் மாற்றவில்லை. உழைப்பவர்களின் அமைப்புகளுக்குச் சங்கம் என்ற பெயரே நிலைத்தது.

ஆரணியில் சங்கம்

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற நெசவுப் பொருள். ஆரணியிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, சேவூர் ஆகிய சுற்றூர்களிலும் வீட்டுக்குள்ளேயே அமைந்த குழித்தறிகளில் சேலை நெய்வது மரபு. இங்கு நெசவாளருக்கு வேலை வரும் வழிகள் இரண்டு. ஒன்று, முதலாளி எனப்படும் தனியார் பட்டு வணிகர். அவர் பாவும் ஊடையும் சரிகையும் தந்து, நெய்த சேலைக்குக் கூலி கொடுப்பார். முன்பணம் கொடுத்திருந்தால் அதைத் தீர்க்கும்வரை நெசவாளர் வேறு முதலாளியிடம் செல்வது கடினம். மற்றொன்று கூட்டுறவுச் சங்கம். அங்கும் பாவும் ஊடையும் சரிகையும் தரப்பட்டு, நெய்த சேலைக்குக் கூலி கொடுக்கப்படும்.

நடைமுறையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், கூட்டுறவில் நெசவாளர் பங்குத்தொகை செலுத்திய உறுப்பினர். விதிப்படி அவர் அந்நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர். பொதுக்குழுவில் வாக்குரிமை, இலாபத்தில் பங்கு, நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிடும் தகுதி ஆகியவை அவருக்குண்டு. 'முதலாளிக்கு நெய்கிறேன்' என்பதும் 'சங்கத்துக்கு நெய்கிறேன்' என்பதும் ஒரே இலக்கணத்தில் அமைந்த தொடர்கள். இரண்டிலும் நான்காம் வேற்றுமையே வருகிறது. உரிமையாளர் தன் சொந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசும் பேச்சாக இரண்டாவது தொடர் ஒலிப்பதில்லை. சங்கம் வெளியே இருக்கும் இன்னொரு முதலாளியாக அத்தொடரில் இடம்பெறுகிறது.

இதற்குப் பேசுபவர் காரணமல்ல. தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களைப் பல்வேறு காலகட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்குப் பதிலாக அரசின் தனி அலுவலர்களே நிர்வகித்து வந்துள்ளனர். உறுப்பினர் கூடாத, வாக்களிக்காத ஓர் அமைப்பு சங்கம் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும்போது, அச்சொல்லின் முதற்பொருளான கூடுதல் அதில் இல்லாமல் போகிறது. கைத்தறித் துறை பற்றிய எழுத்துகளில் அடிக்கடி வரும் 'போலிச் சங்கம்' என்ற தொடரும் இங்கே கருதத்தக்கது. தள்ளுபடி மானியத்துக்காகத் தனியார் காகிதத்தில் நடத்தும் அமைப்பை அது குறிக்கும். போலி என்று தனியே சொல்ல வேண்டியிருப்பதால், சங்கம் என்ற பெயர் உண்மைக்குச் சான்றாகாது என்பதை வழக்கே ஒப்புக்கொள்கிறது.

நெசவாளர் நாவில் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வும் உண்டு. கூட்டுறவைச் சொசைட்டி என்றும், கூலி உயர்வு கேட்கும் அமைப்பை யூனியன் என்றும், சாதி அமைப்பைச் சங்கம் என்றும் பிரித்துச் சொல்லும் வழக்கு தமிழக நெசவு ஊர்களில் கேட்கக் கூடியது. கலப்புச் சொற்கள் என்று இவற்றை ஒதுக்குவோர், இவை செய்யும் வேலையைக் கவனிப்பதில்லை. ஊராட்சி ஒன்றியத்தையும் யூனியன் என்றே மக்கள் அழைப்பதால் இத்தீர்வும் முழுமையானதல்ல. ஆனால் கூலி தருபவரையும் கூலி கேட்பவரையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது என்ற தெளிவு அதில் இருக்கிறது. அச்சிலும் அரசு ஆவணங்களிலும் அந்தத் தெளிவு மறைந்து, மூன்றும் மீண்டும் சங்கமாகின்றன.

பெண்களின் இடம்

பட்டுச் சேலை ஒருவர் உழைப்பால் உருவாவதில்லை. நூல் இழைத்தல், தார் சுற்றுதல், பாவு பிணைத்தல், கோர்வைச் சேலைக்கு உடனிருந்து நாடா வீசுதல் எனப் பல வேலைகள் உண்டு. இவற்றில் பெரும்பகுதியை வீட்டுப் பெண்கள் செய்கின்றனர். தறியில் அமர்ந்து நெய்யும் பெண்களும் பலர். ஆயினும் ஒரு தறிக்கு ஒரு பெயர் என்று கணக்கிடும்போது அப்பெயர் பெரும்பாலும் ஆணுடையதாகவே இருந்து வந்துள்ளது. நாடு, நகரம் ஆகிய பழைய அமைப்புகளிலும் நிலை இதுவே.

பெண்கள் பெருமளவில் உறுப்பினரான அமைப்பு சங்கம் என்ற பெயரைப் பெறவில்லை. அதன் பெயர் குழு. மகளிர் சுய உதவிக் குழு 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டத்தின் வழியே தமிழகத்தில் பரவியது. சேமிப்பு, கடன், தவணை ஆகியவை அதன் வேலை. சங்கத்துக்கு உரிமையும் குழுவுக்குக் கடனும் என்று சொற்கள் பிரிந்து நிற்பது கவனத்துக்குரியது. நூல் இழைக்கும் பெண் தன் கூலியைப் பேசுவதற்கான இடம் இரண்டு சொற்களிலும் இல்லை.

சட்டத்தில்

இந்திய அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவு குடிமக்கள் அமைப்பாகக் கூடும் உரிமையைத் தருகிறது. அதன் ஆங்கில மூலம் தொடக்கத்தில் அசோசியேஷன், யூனியன் என்ற இரு சொற்களைக் கொண்டிருந்தது. 2011ஆம் ஆண்டின் 97ஆவது திருத்தம் கோ-ஆப்பரேட்டிவ் சொசைட்டி என்பதை மூன்றாவதாகச் சேர்த்தது. தமிழில் மூன்றுமே சங்கம் என்ற சொல்லால் குறிக்கப்படுவதால், புதிதாக என்ன சேர்க்கப்பட்டது என்பது தமிழில் படிப்பவருக்கு எளிதில் புலப்படாது.

சேர்க்கப்பட்டது சிறிய செய்தியன்று. கூட்டுறவு அமைப்பது அரசு தரும் சலுகை என்பதிலிருந்து குடிமகனின் அடிப்படை உரிமை என்ற நிலைக்கு உயர்ந்தது. நிர்வாகக் குழுவுக்கு ஐந்தாண்டு, உரிய காலத்தில் தேர்தல், குழுவைக் கலைப்பதற்கு வரம்பு ஆகியவற்றையும் அத்திருத்தம் தனிப் பகுதியாகச் சேர்த்தது. கூட்டுறவு மாநில அதிகாரத்தில் இருப்பதாலும், திருத்தத்துக்கு மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறப்படாததாலும், 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தனிப் பகுதி மாநிலக் கூட்டுறவுகளுக்குப் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. ஆகவே ஆரணி போன்ற ஊரின் நெசவாளர் கூட்டுறவு, தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இன் கீழேயே தொடர்கிறது. மனமகிழ் மன்றங்களும் நலச் சங்கங்களும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் வருகின்றன. பெயர்ப் பலகையில் சங்கம் என்று மட்டும் எழுதியிருந்தால், குறை ஏற்பட்டால் எந்த அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை அச்சொல் சொல்லாது.

புனைவில்

நெசவாளர் வாழ்வைச் சொன்ன தமிழ்ப் புனைவுகளில் தொ.மு.சி. ரகுநாதனின் பஞ்சும் பசியும் முக்கியமானது. சுதந்திரத்துக்குப் பிந்தைய நூல் தட்டுப்பாட்டில் வாடிய கைத்தறியாளர்கள் ஒன்றுதிரள்வதை அந்நாவல் சொல்கிறது. அங்கு சங்கம் என்பது போராட்டத்தின் பெயர். பிரியதர்ஷன் இயக்கிய காஞ்சிவரம் திரைப்படத்திலும் பட்டு நெசவாளர்கள் அமைப்பாகத் திரள்வது கதையின் திருப்பம். மகளுக்குப் பட்டுச் சேலை நெய்ய விரும்பும் தந்தையின் தனி ஆசையும் கூட்டத்தின் பொது நலனும் மோதும் இடத்தில் அப்படம் வலுப்பெறுகிறது. எம்.வி. வெங்கட்ராமின் வேள்வித்தீ கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளரின் குடும்ப வாழ்வுக்குள் செல்கிறது.

இவற்றில் சங்கம் உருவாகும் நேரம் அழுத்தமாகச் சொல்லப்படும் அளவுக்கு, சங்கம் நடக்கும் காலம் தமிழ்ப் புனைவில் பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. பதிவேடு, இருப்பில் தேங்கிய சேலை, தாமதமாகும் கூலி, கூட்டப்படாத பொதுக்குழு ஆகியவை புனைவுக்கு உவப்பானவை அல்ல. நெசவாளர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது அந்த இரண்டாவது காலத்தில்தான்.

மதிப்பீடு

சங்கம் என்ற சொல்லைக் கைவிட வேண்டிய தேவை இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருள் மாறி மாறி வாழ்ந்த சொல் அது. துறவியர், புலவர், ஆலைத் தொழிலாளர் என எவரிடம் சென்றாலும் அவர்களுக்கு மதிப்பைச் சேர்த்தது. குறை, அச்சொல்லைத் தனியாக நிற்க விடுவதில் உள்ளது. தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், சாதிச் சங்கம் என்ற முன்னொட்டுகள் பேச்சிலும் செய்தியிலும் உதிர்ந்துவிடுகின்றன. 'சங்கம் ஒப்புக்கொண்டது' என்று ஒரு செய்தி கூலி உடன்பாட்டைச் சொன்னால், ஒப்புக்கொண்டது கூலி கொடுப்பவரா, கேட்பவரா என்பதை வாசகர் ஊகிக்க வேண்டியுள்ளது. முதலாளிகளும் பட்டு வணிகர் சங்கம் அமைத்திருக்கக் கூடும் என்பதால் ஊகம் மேலும் கடினமாகிறது.

அகராதிகள் இச்சொல்லுக்குப் பொருள் தரும்போது கூட்டம், அமைப்பு என்று நிறுத்திவிடாமல், சேரும் முறையையும் சேர்த்துச் சொல்வது பயன்தரும். பங்கு செலுத்திச் சேர்வது ஒன்று, சந்தா செலுத்திச் சேர்வது ஒன்று, பிறப்பால் அமைவது ஒன்று. எந்த அமைப்பையும் அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும். அதில் யார் சேரலாம், அது யாரிடம் பேசுகிறது, அதை யார் கலைக்கலாம். கூட்டுறவுக்குப் பதில்கள்: பங்குதாரர், சந்தை, அரசு. தொழிற்சங்கத்துக்கு: தொழிலாளர், கூலி கொடுப்பவர், உறுப்பினர்கள். சாதிச் சங்கத்துக்கு: அச்சாதியில் பிறந்தவர், அரசும் பிற சாதிகளும், அதன் தலைவர்கள்.

ஆரணி நெசவாளர் 'சங்கத்துக்கு நெய்கிறேன்' என்பதற்குப் பதிலாக 'எங்கள் சங்கத்தில் நெய்கிறேன்' என்று இயல்பாகச் சொல்லும் நிலை வருமானால், அது சொல்லாய்வாளர் செய்த திருத்தத்தால் வராது. பொதுக்குழு கூடுவதாலும், கணக்கு வாசிக்கப்படுவதாலும், தார் சுற்றுபவரின் பெயரும் உறுப்பினர் பட்டியலில் ஏறுவதாலும் வரும்.